எழும்பூர் வரை ஒன்பது நிமிடங்கள்

வண்டி ஓடும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றபடியே பதினேழு வருடம் பிழைத்தவள் நான். சுற்றுலா வழிகாட்டியின் வேலை அப்படிப்பட்டது. பயணிகளுக்கு முகம், சாலைக்கு முதுகு. அவர்களுடைய வலது பக்கம் எனக்கு இடது பக்கம். எதிரே வருகிற கட்டடத்தை நான் பார்க்க முடியாது. ஆனால் அது ஜன்னலுக்கு வரும்போது அதைப் பற்றிய பேச்சு பயணிகளின் காதில் விழுந்திருக்க வேண்டும்.

போன மாதம் குன்னூரில் வழிகாட்டிப் பயிற்சியில் இருக்கும் பெண்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உரிமத் தேர்வில் இனிமேல் பேருந்துச் சுற்று கிடையாதாம். கைபேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிட்டால் போதுமாம்.

"ஏனுங்க அக்கா, நெசமாலுமே பஸ்ஸுல ஏத்தி, மைக்கைக் கையில குடுத்து, மெட்ராஸைச் சுத்திக் காட்டச் சொல்லுவாங்களாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஆமாம் என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான் நாற்காலியிலிருந்து எழுந்து, சமையலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் வீசிப் பேசிக்கொண்டிருந்தேன். இதை எழுதி வையுங்கள் அக்கா என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே எங்களுக்குக் குடியுரிமை இல்லை என்று இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு வயதில் அப்பா, அம்மாவோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து நீலகிரி ஏறினோம். இங்கேயும் தேயிலைதான். பள்ளியில் என்னை "சிலோன்காரி" என்று கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் என் பேச்சை இங்கத்திய பேச்சாக மாற்றிக்கொண்டேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை பாக்டரியில் வேலை. காம்பு பொறுக்கும் அறையில் தூசிக்கு நடுவில் பல வருடம். அதற்கிடையில் பழனிச்சாமியைக் கல்யாணம் செய்துகொண்டேன். அஞ்சல் வழியில் பட்டப்படிப்பையும் முடித்தேன்.

ஒரு நாள் பாக்டரியைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல ஆளில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் சொன்னேன். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரைக்கும் சொல்லி முடித்தபோது ஒரு அம்மாள் கை தட்டினாள். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையதானது. தூசி போய்விட்டது, இருமலும் போய்விட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உடம்பில் ஒரு துள்ளல் இருக்கும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது பாக்டரி மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். இனி உரிமம் உள்ள வழிகாட்டிகள்தான் வெளிநாட்டுக் குழுக்களோடு பேசலாம் என்று ஒரு விதி வந்திருக்கிறது என்றார். உரிமம் இல்லையென்றால் மறுபடி காம்பு அறைதான். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தால் வயது வரம்பு எழுதியிருந்தது. அடுத்த வருடம் நான் அதைத் தாண்டிவிடுவேன். அந்த ஒரு தடவைதான் எழுத முடியும்.

அதைவிடப் பெரிய இடி ஒன்று அதில் இருந்தது. எந்த மாவட்டத்துக்காரராக இருந்தாலும் பேருந்துச் சுற்று சென்னையில்தான். நான் சென்னையைப் பார்த்ததே இல்லை.

"அதுக்கென்ன, நான் பாத்திருக்கறனில்ல," என்றார் பழனிச்சாமி. பிக்கட்டியிலிருந்து குன்னூருக்கு ஓடும் மினி பஸ்ஸின் டிரைவர் அவர். கல்யாணத்துக்கு முன்னால் மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்கு உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவர். ஒரு வரைபடத்தை வாங்கிச் சுவரில் ஒட்டினோம். அதில் அவர் விரலை வைத்து ஓட்டிக் காட்டுவார். "இங்க ஒரு பாலம் வரும். மூக்கைப் பொத்தினீன்னா கூவம்னு அர்த்தம்." இப்படித்தான் என் முதல் பாடம் நடந்தது.

வரைபடம் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் ஓடும் வண்டியில் திரும்பி நின்று பேசிப் பழக வேண்டுமே. அதற்கும் அவரே வழி சொன்னார். காலை முதல் டிரிப்பில் என்னை அவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். பயணிகள் எல்லாம் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள். பிக்கட்டி கலங்கரை விளக்கம். கொலக்கம்பை கோட்டை. குன்னூர் பஸ் நிலையம் சென்ட்ரல். நடுவில் வருகிற ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சென்னைப் பெயர் வைத்தோம்.

முதல் மூன்று நாளும் வாந்தி எடுத்தேன். கொண்டை ஊசி வளைவில் பின்னோக்கி நின்று பாருங்கள், தெரியும். நாலாம் நாள் வாந்தி நின்றது, இடமும் வலமும் குழம்ப ஆரம்பித்தது. "உங்கள் வலப்பக்கம்" என்று சொல்லி என் வலக்கையை நீட்டுவேன். பெண்கள் எல்லோரும் மலைச்சரிவைப் பார்ப்பார்கள். பிறகு இடக்கையில் மட்டும் சிவப்புக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டேன். சிவப்பு என்றால் அவர்களுடைய வலது. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

அந்தப் பெண்களில் ராக்கு அக்கா என்று ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் ஓயாது. கடற்கரையின் நீளத்தையும் வரலாற்றையும் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது அவர் கேட்டார்:

"அதெல்லாஞ் செரி மகேசு. அங்க வெயிலுக்கு ஒதுங்க மரமிருக்குதா? தண்ணி எங்க குடிக்கறது? ஒண்ணுக்கு எங்க போறது?"

அன்று மாலை பழனிச்சாமியின் பழைய லாரி நண்பர்களுக்கு போன் போட்டோம். ஒவ்வொரு இடத்துக்கும் நிழல், தண்ணீர், கழிப்பறை என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டு நிரப்பினேன்.

இன்னொரு தொல்லை சிவப்புக் கட்டடங்கள். சென்னையில் வெள்ளைக்காரன் கட்டியதில் பாதி சிவப்பு. சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையம், உயர் நீதிமன்றம், அருங்காட்சியகம். படத்தில் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. பழனிச்சாமி சுலபமாக்கினார். "மணிக்கூண்டு ஒசரமா நின்னா சென்ட்ரலு. உச்சியில கவுத்து வெச்ச கிண்ணமாட்டம் வெள்ளையா, உருண்டையா இருந்தா எழும்பூரு. குழம்பாத."

இரண்டு மாதம் இப்படிப் போனது. மினி பஸ்ஸே ஒரு விளையாட்டுக் களமாகிவிட்டது. ராக்கு அக்கா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து, "டிரைவரு, கோட்டையில எறங்கிக்கறேன்," என்பார். வண்டி குலுங்கச் சிரிக்கும். ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் கொலக்கம்பைக்கு டிக்கெட் கேட்க, பின்னாலிருந்து நாலு பேர் "கோட்டைன்னு கேளுங்க சார்" என்றார்கள். அவர் பயந்துபோய் இறங்கப் பார்த்தார்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். சென்னையில் ஆறு வாரப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்து நிமிர்ந்தேன். மணிக்கூண்டு நின்றது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பயிற்சிக்கும் தேர்வுக்கும் தலைவர் விசாலம் மேடம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் எப்போதும் ஒரு குடை, வலது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். பயிற்சிப் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்காருவார். வண்டி கிளம்பியதும் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் தூங்குகிறார் என்றே நினைத்தோம்.

"நான் கண்ணை மூடிட்டேன்," என்றார். "இப்ப நீங்க பேசறதை வெச்சு எனக்கு ஊர் தெரியணும். தெரியலைன்னா உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம்."

நன்றாக இருந்தது என்றோ நன்றாக இல்லை என்றோ சொல்லமாட்டார். முடிந்ததும் "அடுத்தவர்" என்பார், அவ்வளவுதான். சிறிய விஷயங்களில்தான் பிடிப்பார். ஒலிவாங்கி முகவாய்க்கு ஒரு கைப்பிடி கீழே இருக்க வேண்டும். விரல் நீட்டிக் காட்டக் கூடாது, உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு இடத்தைப் பற்றி மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லக் கூடாது. வண்டி நின்றுவிட்டால் வரலாற்றை நிறுத்திவிட்டுப் பயணிகளோடு பேச வேண்டும். ஒரு இளைஞன் உயர் நீதிமன்றத்தைத் தாண்டிய பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். மேடம் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். "தம்பி, என் ஜன்னல்ல இப்ப ஒரு செருப்புக் கடை இருக்கு. அதுலயா நீதிபதி உட்கார்ந்திருக்கார்?" அவன் அன்று சாப்பிடவில்லை.

நேரம் என்றால் நேரம். ஒன்பது முப்பதுக்குப் புறப்படும் வண்டி ஒன்பது முப்பதுக்கு நகரும். ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓட்டுநர் தயங்கினால், "போங்க" என்பார்.

தேர்வு நாள் வந்தது. நாங்கள் இருபது பேர். ஒரு எவர்சில்வர் டப்பாவில் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஊரின் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கு ஒன்பது நிமிடம். நான் எடுத்த சீட்டில் அருங்காட்சியகத்திலிருந்து எழும்பூர் வழியாக சென்ட்ரல் வரை என்று இருந்தது. உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன். அது எனக்கு உள்ளங்கைபோலத் தெரிந்த பாதை.

பதினோராவது ஆளாக என் முறை. அதற்கு முன்னால் அருங்காட்சியகத்தில் வண்டி நின்றது. கால் மணி நேர இடைவேளை. தண்ணீர் குடித்துவிட்டு, பாடத்தை முணுமுணுத்தபடி மரத்தடியில் நடந்துகொண்டிருந்தேன். சிற்பக்கூடத்துப் படியில் ஒரு சிறு கூட்டம்.

நடுவில் ஒரு வயதான அம்மாள். வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, கையில் ஒரு தாமரை மொட்டு. அழுதுகொண்டே ஏதோ சொல்கிறார். காவலாளி இந்தியில் கேட்கிறார், யாரோ ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அம்மாளுக்கு எதுவும் புரியவில்லை. "போலீஸ் ஸ்டேஷன்ல விட்டுடலாம்," என்று காவலாளி கையைப் பிடித்தார். அம்மாள் உதறினார்.

அவர் சொன்ன ஒரு சொல் என் காதில் விழுந்தது. புதா. மகன்.

சிங்களம். முப்பத்திரண்டு வருடமாக நான் வாயில் எடுக்காத மொழி. எங்கள் தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்தவரின் மகள் சீலாவதி என் கூட்டாளி. அவளோடு விளையாடியே அந்த மொழி எனக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்த பிறகு அது எனக்குத் தெரியும் என்பதையே யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் அந்த நாட்களில் அங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சென்னை நடுவில் சிங்களம் பேசினால் யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு. பேருந்திலிருந்து தேர்வு உதவியாளர் ஒருவர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்: இன்னும் ஐந்து நிமிடம்.

நான் படியேறினேன்.

"அம்மே, மொகத உனே?" என்றேன். அம்மா, என்ன ஆச்சு?

அந்த முகம் திரும்பிய வேகத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சொற்கள் கொட்டின. பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மகனோடும் ஊர்க்காரர்களோடும் புத்த கயாவுக்குப் போகும் யாத்திரை. வழியில் சென்னை. உள்ளே புத்தர் சிலைக்கு முன்னால் கண்மூடி உட்கார்ந்துவிட்டார். கண் திறந்தால் யாரும் இல்லை.

"பய வென்ன எப்பா," என்றேன். பயப்படாதீர்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள்?

தெருப் பெயர் தெரியவில்லை. சிவப்புக் கட்டடம், ரயில் சத்தம் என்றார். என் மூளை ஓட ஆரம்பித்தது. ரயில் என்றால் உயர் நீதிமன்றம் இல்லை. சென்ட்ரலா, எழும்பூரா? உயரமாக மணிக்கூண்டு இருந்ததா என்று கேட்க நினைத்தேன். மணிக்கூண்டுக்குச் சிங்களச் சொல் வரவில்லை. என் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, கையை மேலே தூக்கிக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு இரண்டு கையையும் குவித்துக் கவிழ்த்து, "தாகப, தாகப," என்றார்.

தாகப என்றால் அவர்களுடைய ஊரில் புத்தரை வணங்கும் வெள்ளைத் தூபி. கவிழ்த்து வைத்த கிண்ணம் போல இருக்கும்.

கவிழ்த்து வைத்த கிண்ணம்! எழும்பூர்! எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

அம்மாளைக் கையோடு இழுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். விசாலம் மேடம் படியருகில் குடையோடு நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன்.

"இவங்க தங்கியிருக்கற எடம் எம் பாதையிலதான் வருது மேடம். வண்டியில ஏத்திக்கலாமுங்களா?"

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தப்பா இருந்தா?"

"நானும் இவங்களோட எறங்கிக்கறேன். எம் பரீட்சை அதோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க."

வண்டிக்குள்ளிருந்து யாரோ, "இது எந்த நாட்டு ஆள்? நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்கள். மேடம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "ஏறுங்க," என்றார்.

வண்டி நகர்ந்தது. மேடம் கடைசி இருக்கைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாளை முதல் இருக்கையில் உட்காரவைத்தேன். என் ஒரு கை ஒலிவாங்கியில், இன்னொரு கையை அவர் விடவில்லை. உள்ளங்கை விரித்துக் காட்ட எனக்குக் கையே இல்லை.

அருங்காட்சியகத்தின் வட்ட அரங்கைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாள் நடுங்கிக்கொண்டிருந்தார். பாடத்தை விட்டுவிட்டேன். அவரிடமே பேசினேன், ஒலிவாங்கியிலேயே பேசினேன், சிங்களத்தில். அம்மா, இப்போது வலது பக்கம் திரும்புகிறோம். இந்தக் கடை ஞாபகம் இருக்கிறதா? இந்த மரம்? நடுநடுவே வண்டியில் இருந்தவர்களுக்கும் தமிழில் சொன்னேன்: "இவங்க தங்கியிருக்கற எடத்தைத் தேடறோம். வெள்ளைத் துணி கட்டுனவங்க எங்காச்சும் நின்னா சத்தம் போடுங்க." அவ்வளவுதான், பத்தொன்பது பேரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். வம்பு எதற்கு என்று கேட்டவர்தான் முதலில் கழுத்தை வெளியே நீட்டினார்.

வண்டி ரயில் நிலையத்துச் சாலையில் திரும்பியது. அது என் முதுகுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மாளின் முகம்தான். கண் விரிந்தது, வாய் திறந்தது, இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அன்ன! அன்ன! தாகப!" அதோ! அதோ!

"நிறுத்துங்க!" என்று இருபது குரல். தேர்வு வண்டியைக் குறித்த இடம் தவிர எங்கேயும் நிறுத்தக் கூடாது. ஓட்டுநர் நிறுத்திவிட்டார். நிலையத்துக்கு எதிரே ஒரு சந்து முனையில் வெள்ளை உடையில் ஒரு கூட்டம், நடுவில் ஒரு போலீஸ்காரர், தலையில் கை வைத்தபடி ஒருவர். அம்மாள் இறங்கியதும் அந்த மனிதர் ஓடிவந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு நடுச்சாலையில் கிடந்தது. தாயும் மகனும் கட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டிக்குள் ஒரே கைதட்டல், விசில். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அம்மாள் திரும்பி வந்து, தன் மணிக்கட்டில் இருந்த வெள்ளைக் காப்பு நூலை அவிழ்த்து என் கையில் கட்டினார். "துவே," என்றார். மகளே.

வண்டி கிளம்பியது. நான் ஒலிவாங்கியை எடுத்தேன்.

"ஒன்பது நிமிஷம் முடிஞ்சுது," என்றது கடைசி இருக்கைக் குரல். "அடுத்தவர்."

போய் உட்கார்ந்தேன். மனம் ஒரு பக்கம் பறந்தது, ஒரு பக்கம் இடிந்தது. ரயில் நிலையம், கிணறுகள் இறக்கி அதன்மேல் கட்டிய மாதாகோவில், ரிப்பன் மாளிகை என்று இரண்டு மாதம் மினி பஸ்ஸில் பேசிப் பேசித் தேய்த்ததில் ஒரு வரிகூட நான் சொல்லவில்லை. மாலை பழனிச்சாமிக்கு போன் செய்து அழுதேன்.

"அந்தம்மா ஊடு போய்ச் சேந்துதா?"

"சேந்துதுங்க."

"அப்பறமென்ன. எழும்பூரைக் கரெக்டாப் புடிச்சியே புள்ள!" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும் அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் நேர்முகத் தேர்வு. ஜன்னல் இல்லாத ஒரு அறை. விசாலம் மேடமும் இரண்டு அதிகாரிகளும். ஒரு அதிகாரி, "பேருந்துச் சுற்றுல இவங்களுக்கு மார்க் போட எதுவுமே இல்லையே," என்றார்.

"இல்லை," என்றார் மேடம். "நேத்து இவங்க செஞ்சது நல்ல வேலை. ஆனா அதுக்காக மட்டும் உரிமம் குடுக்க முடியாது." என்னைப் பார்த்தார். "மகேஸ்வரி, வண்டி அருங்காட்சியகத்து வாசல்ல நிக்குது. ஆரம்பிங்க." கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்து சுவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். கையில் ஒலிவாங்கி இல்லை. ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டேன். முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது. பிறகு கொலக்கம்பை வளைவுகள் காலடியில் வந்துவிட்டன. வண்டி திரும்பும் இடத்தில் என் உடம்பு தானாகச் சாய்ந்தது. வட்ட அரங்கு, நூலகம், ரயில் நிலையம். முன்காலத்தில் மோட்டார் காரிலேயே நடைமேடை வரை போகலாம் என்றேன். அதன் உச்சியில் இருக்கும் மாடத்தைப் பாருங்கள், கண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு அது தூபி போலத் தெரியும் என்றேன். நிழல் எங்கே, தண்ணீர் எங்கே, கழிப்பறை எந்த நடைமேடையில் சுத்தமாக இருக்கும் என்பதையும் சொன்னேன். கடைசியில் சென்ட்ரலின் மணிக்கூண்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, இறங்கும்போது கால் பார்த்து இறங்குங்கள் என்றேன்.

மேடம் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பது நிமிஷம், பத்து விநாடி. பத்து விநாடி அதிகம்." பிறகு கேட்டார்: "அந்த மாடம் தூபி மாதிரி இருக்குன்னு எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

"புத்தகத்துல இல்ல மேடம். நேத்து அந்தம்மா சொன்னது."

"முப்பது வருஷமா அதைப் பார்க்கறேன். எனக்குத் தோணினதில்லை. இனிமே எப்பவும் சொல்லுங்க."

அவர் என்னைப் பாராட்டிய ஒரே தடவை அதுதான். பிறகு என் விண்ணப்பத்தைத் திருப்பி வைத்தார். பிற மொழிகள் என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"அது... அங்கிருந்து வரும்போதே விட்டுட்டு வந்தது மேடம்."

"விட்டுட்டு வந்ததுன்னா நேத்து எங்கேருந்து வந்துச்சு?" பேனாவை நீட்டினார். "எழுதுங்க. மூணு மாசத்துல தனியாப் பரீட்சை. சும்மா தரமாட்டேன்."

உரிமம் கிடைத்த செய்தியோடு மலையேறினேன். மினி பஸ்ஸில் ராக்கு அக்கா எல்லோருக்கும் மிக்சர் பொட்டலம் கொடுத்தார். ஆனால் அம்மாவிடம் சிங்களப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்பா இறந்த பிறகு அம்மா தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், தனியாக இருந்தார். என்னிடம் வந்து இருக்கச் சொன்னால் மாட்டேன் என்பார்.

"அந்தப் பேச்சு இனி என்னாத்துக்குடி?" என்றார். "வேணாம்னு அனுப்பிச்ச ஊரு. அந்தப் பேச்சைப் பேசி நமக்கு என்னா ஆகப்போவுது?"

நான் மூலையில் உட்கார்ந்து சிங்களப் பாடத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அப்புடிச் சொல்லக் கூடாது. வர்றதுக்கு 'எனவா'ன்னு நீட்டிச் சொல்லணும். கடைக்காரன் மக உனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?"

மூன்று மாதமும் அம்மாதான் திருத்தினார். திருத்திவிட்டு ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தேறினேன். உரிமத்தில் மூன்று மொழிகள் அச்சாகி வந்தன.

அங்கே யுத்தம் முடிந்து சில காலம் கழித்து முதல் சிங்களக் குழு மலைக்கு வந்தது. நாற்பது பள்ளி ஆசிரியர்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறி, திரும்பி நின்று, "ஆயுபோவன்" என்று வணக்கம் சொன்னேன். நாற்பது குரல் ஒன்றாகப் பதில் சொன்னது. ஒரு பெரியவர் இந்த மொழியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். பிறந்தது கண்டிப் பக்கம், தோட்டத்தில் என்றேன். பிறகு ஒரு ஆசிரியை எழுந்து, உங்களைப் போல் போனவர்கள் இங்கே எப்படி இருக்கிறார்கள், பார்க்க முடியுமா என்றார். மலை முழுக்க வளைவுக்கு வளைவு அந்தக் கேள்விகள்தான். தேயிலையைப் பற்றிப் பேச எனக்கு இடமே கிடைக்கவில்லை.

திட்டத்தில் இல்லாததைச் செய்தேன். வண்டியை அம்மாவின் லயத்துக்கு விடச் சொன்னேன். அம்மா என்ன சொல்வாரோ தெரியாது. அம்மா கதவைத் திறந்து வாசலில் நின்றார். நாற்பது பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன்னால் நின்ற ஆசிரியை கை கூப்பினார்.

அம்மா தலைத்துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, நான் பிறந்த பிறகு அவர் வாயில் கேட்டதிலேயே சுத்தமான சிங்களத்தில், உள்ளே வாருங்கள், தேத்தண்ணி குடிக்கலாம் என்றார்.

பக்கத்து வீடுகளிலிருந்து டம்ளர்கள் வந்தன. பாலும் சீனியும் போடாத சாயத் தண்ணீர். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு துண்டு கருப்பட்டி, கடித்துக்கொண்டு குடிக்க. அங்கே குடித்தது போலவே. லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் சிங்களம் பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். அந்த ஊர் ஆறு இப்போது எப்படி இருக்கிறது, அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு ஆசிரியர் அழுதார். ஒரு கிழவர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகியது. ஊட்டியில் எங்களுக்காகச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

நான் போய் அம்மாவின் தோளைத் தொட்டேன். "அம்மா, வண்டிக்கு நேரமாச்சு."

ஆசிரியையின் கையைப் பிடித்தபடியே அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இருடி," என்றார். "இப்பத்தானே வந்திருக்காங்க."